ஓடும்போதே படியெடுக்க வேண்டும்

இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் பாலக்காட்டின் சித்தூர் வட்டத்திலும் தமிழ்க் குடும்பங்களின் அலமாரிகளில் பொதுவாகக் காணக்கூடிய ஒரு பொருள், மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிக்கும் வட்ட ஸ்டிக்கர் ஒட்டிய சிடி. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா, பள்ளி ஆண்டுவிழா, ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு எஸ்டேட்டில் நடத்திய வழியனுப்பு விழா என்று ஏறத்தாழ 2000 முதல் 2012 வரை இந்த எல்லைப் பகுதியில் நடந்தவை பெரும்பாலும் சிடியிலும் டிவிடியிலும்தான் பதிந்தன. அதற்கு முன் நடந்தவற்றுக்குக் காகிதப் புகைப்படம் இருக்கிறது. பின்னால் நடந்தவற்றுக்குக் கைப்பேசிப் படம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாற்றில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் திரண்ட தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தைத் தொலைக்காட்சிக் காமிராக்களோடு கைப்பேசிகளும் பதிந்தன. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளின் அசையும் படத்துக்கு அநேகமாக இந்தத் தட்டுகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அவை கெட்டுக்கொண்டிருக்கின்றன. 1956இல் மாநில எல்லை வரையப்பட்டபோது கேரளத்தின் பக்கம் நின்றுவிட்ட ஒரு மொழிச் சிறுபான்மையின் வாழ்க்கை அவற்றில் இருக்கிறது. இரு மாநிலங்களின் ஆவணக் காப்பகங்களும் தேடி வந்து சேகரிக்காத வாழ்க்கை அது. ஆகவே இந்தத் தட்டுகள் ஓடும் நிலையில் இருக்கும்போதே அவற்றைப் படியெடுத்தாக வேண்டும். கெட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கக்கூடிய வேலை இது இல்லை. ஏன் என்பதற்கான காரணம் தட்டின் அமைப்பிலேயே இருக்கிறது.

1982இல் பிலிப்ஸும் சோனியும் சந்தைக்குக் கொண்டுவந்த சிடி 12 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள பாலிகார்பனேட் பிளாஸ்டிக் தட்டு. லேசர் கீழிருந்து அந்தப் பிளாஸ்டிக் முழுவதையும் ஊடுருவிப் போய்த்தான் தகவலைப் படிக்கிறது. அதாவது, தகவலைத் தாங்கும் உலோகப் படலம் அச்சடித்த மேற்பக்கத்துக்கு மிக அருகில், மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம் இருப்பது போலத்தான் இதுவும்: முன்பக்கக் கீறலோடு காலம் தள்ளலாம், பின்பக்கம் உதிர்ந்தால் அந்த இடம் போனது போனதுதான். நாமோ பளபளக்கும் கீழ்ப்பக்கத்தைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுவதற்காக, படம் போட்ட பக்கத்தை மேசைமேல் கவிழ்த்து வைக்கிறோம். 1993இல் வந்த விசிடியும் உடலளவில் சிடிதான். ஒரு தட்டில் சுமார் 74 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் நம் நீளப் படங்களுக்கு இரண்டு மூன்று தட்டு தேவைப்பட்டது. டிவிடியின் கட்டுமானம் வேறு. 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு தட்டுகளை ஒட்டி, தகவலை நடுவில் வைத்திருக்கிறார்கள். மேற்பக்கக் கீறல் அதை எளிதில் தொடாது. ஆனால் உறையின் நடுக் குமிழை அழுத்தாமல் தட்டை வளைத்துப் பிடுங்கினால் ஒட்டு விடும், ஓரம் வழியாக ஈரம் புகும். சிடிக்குச் சொல்லும் பத்தியமும் டிவிடிக்குச் சொல்லும் பத்தியமும் வேறுபடுவது இதனால்தான். புளூ-ரேயில் தகவல் கீழ்ப்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது, அதைக் காக்க ஒரு கடினப் பூச்சும் உண்டு. கல்யாண வீடுகளில் அது சிடி, டிவிடி அளவுக்குப் புழங்கவில்லை என்பதால் அதை இங்கே விட்டுவிடலாம்.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கடையில் விற்ற சினிமாத் தட்டும் ஸ்டுடியோ கொடுத்த கல்யாணத் தட்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒரே சாதி அல்ல. மோசர் பேயர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்ற காலம் நினைவிருக்கலாம். அவை ஆலையில் அச்சில் வார்த்தவை. அவற்றின் தகவல் பிளாஸ்டிக்கிலேயே பள்ளமும் மேடுமாகப் பதிந்திருக்கிறது. ஸ்டுடியோக்காரர் கணினியில் 'ரைட்' செய்து கொடுத்த தட்டில் அப்படி எந்தப் பள்ளமும் கிடையாது. ஒரு கரிமச் சாயப் படலத்தை லேசர் சூட்டால் புள்ளி புள்ளியாக நிறம் மாற்றியதுதான் அந்தக் கல்யாணம். துணிச்சாயம் வெயிலில் வெளுப்பதுபோல் இந்தச் சாயமும் வெளுக்கும் தன்மையுடையது. தட்டைத் திருப்பிப் பார்த்தால் வேறுபாடு தெரியும்: ஆலைத் தட்டின் அடிப்பக்கம் வெள்ளி நிறம்; எழுதிய சிடி இளம் பச்சை, நீலம் அல்லது பொன் சாயலடிக்கும்; எழுதிய டிவிடி கத்தரிப்பூ நிறம். ஆலைத் தட்டுகளும் அழியாதவை என்று சொல்வதற்கில்லை. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஆலை ஒன்றில் வார்த்த இசைத்தட்டுகள் ஓரத்திலிருந்து வெண்கல நிறமாக மாறிக் கெட்டுப்போனது உலகறிந்த கதை. இருந்தாலும் எழுதிய தட்டின் ஆயுள் இன்னும் நிச்சயமற்றது. உற்பத்தியாளர்கள் பல பத்தாண்டுகள் என்று சொன்னார்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகமோ, 10 ஆண்டு, 25 ஆண்டு என்று வெளியில் சொல்லப்பட்டாலும் அனுபவத்தில் 2 முதல் 5 ஆண்டுகளையே நம்பலாம் என்று எச்சரிக்கிறது. 2004இல் எழுதிய பல தட்டுகள் இன்றும் ஓடுவதால் இந்த எச்சரிக்கையை மிகை என்று தள்ளிவிடத் தோன்றும். அது, எந்தத் தட்டு எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதற்கான எச்சரிக்கை. அந்த அளவில் சரியானது.

"எங்கள் வீட்டு சிடி இன்னும் நன்றாகத்தானே ஓடுகிறது" என்பது நான் பதில் சொல்ல வேண்டிய முதல் மறுப்பு. நன்றாக ஓடுவது தட்டு நன்றாக இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. காகிதப் புகைப்படம் மங்கும்போது நமக்குத் தெரியும். மஞ்சள் ஏறும், முகம் வெளிறும், எச்சரிக்கை கிடைக்கும். தட்டில் அப்படி எச்சரிக்கை கிடைக்காதபடி ஒரு ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960இல் வெளியிட்ட பிழைதிருத்த முறையை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு துண்டுத் தகவலோடும் கூடுதலாகச் சரிபார்ப்பு எண்களைச் சேர்த்துப் பல இடங்களில் பரப்பி எழுதியிருக்கிறார்கள். தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவலே இல்லாமல் போனாலும் சிடி பிளேயர் மிச்சத்தைக் கொண்டு கணக்குப் போட்டு அதை அப்படியே மீட்டுவிடும். வியக்கத்தக்க அறிவுச் சாதனை அது. கீறல் விழுந்த தட்டுகள் இத்தனை காலம் ஓடியதே அதனால்தான். ஆனால் சாயம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துப் பிழைகள் பெருகிக்கொண்டே போகும்போதும் திரையில் ஒரு மாற்றமும் தெரியாது. திருத்தும் திறனின் எல்லையைப் பிழைகள் தாண்டும் நாளில் படம் கட்டம் கட்டமாக உடையும். சில மாதங்களில் 'நோ டிஸ்க்' என்று வரும். நேற்றுவரை ஓடியது, இன்று ஓடவில்லை என்று மக்கள் சொல்வது உண்மைதான். உள்ளுக்குள் அது கெடத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. தட்டு உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டம் நோக்கிப் படிக்கப்படுவது. விரல் படுவதும் ஈரம் புகுவதும் வெளியோரத்தில். எனவே நிறையப் பதிந்த தட்டில் முகூர்த்தம் ஓடும், பந்தி பரிமாறும் இடத்தில் சிக்கத் தொடங்கும். அப்படிச் சிக்கும் தட்டு, படியெடுக்கக் கடைசி வாய்ப்பைத் தந்துகொண்டிருக்கும் தட்டு.

இந்த மண்ணின் தட்பவெப்பம் அந்த நாளை இன்னும் அருகில் கொண்டுவருகிறது. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003இல் நூலகங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டி, தட்டுகளை 4 முதல் 20 டிகிரி வெப்பத்திலும் 20 முதல் 50 சதவீதம் ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. பாலக்காட்டுக் கணவாயில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். கொழிஞ்சாம்பாறையிலோ வடகரப்பதியிலோ தகரக்கூரை அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரையின்கீழ் இருக்கும் அலமாரியின் மேல்தட்டு அதையும் தாண்டிக் கொதிக்கும். சூடு சாயத்தை வெளுக்கச் செய்யும், தட்டை வளைக்கும். மலையேறி மூணாறுக்குப் போனால் குளிர் தட்டுக்கு நல்லதுதான். ஆனால் ஜூனில் தொடங்கும் மழை மாதங்களில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டி, சுவரும் துணியும் பூசணம் பூக்கும். ஈரம் அரக்குப் பூச்சின் நுண்துளைகள் வழியாகப் போய் உலோகத்தைக் கருக்கும். பூசணம் தட்டைத் தின்னும் என்பதும் கட்டுக்கதையல்ல: மத்திய அமெரிக்காவின் பெலீசிலிருந்து வந்த ஒரு சிடியின் பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் ஒரு பூஞ்சை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டு போயிருந்ததை மாட்ரிட் அறிவியலாளர்கள் 2001இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். சுமார் 30 டிகிரி வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் அதற்கு ஏதுவான சூழலாகச் சொல்லப்பட்டன. குமுளியின் மழைக்கால அறை ஒன்றில் இந்த ஈரப்பதத்தை உருவாக்க யாரும் சிரமப்பட வேண்டியதில்லை.

இயற்கையோடு இன்னொன்றும் சேர்கிறது. எஸ்டேட் லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது நாற்பது ஆண்டுச் சாமான்களை ஜீப்பில் ஏற்றி போடிமெட்டு வழியாகவோ சின்னாறு வழியாகவோ இறங்கும் குடும்பம் எதை விட்டுப் போகும் என்று யோசித்துப் பார்த்தால், ஓடாத பிளேயரும் அதோடு கிடந்த தட்டுகளும்தான் முதலில் கழியும். வெள்ளமும் மண்சரிவும் யாரிடமும் அவகாசம் கேட்பதில்லை. 2018 ஆகஸ்டில், 26 ஆண்டுகளுக்குப் பிறகு செறுதோணி அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. அந்த மாதம் மூணாறு வெளியுலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 பேரை இழந்தோம். நான்கு பேரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவே இல்லை. அந்த இழப்பின் முன்னால் ஒரு சிடியைப் பற்றிப் பேசுவதே கூசச் செய்கிறது. ஆனாலும் எஞ்சிய உறவுகள், போனவர்களின் நடையையும் குரலையும் ஒருமுறையாவது பார்க்க விரும்புவார்கள் என்பதை யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் படத்தின் ஒரு படி கயத்தாற்றிலோ தேனியிலோ வேறொரு வீட்டில் இருந்தால்தான் அது நடக்கும்.

படியெடுக்கும்வரை தட்டைக் காப்பாற்றியாக வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை, சில பழக்கங்களை விட்டால் போதும். தட்டைச் சட்டையில் வட்ட வட்டமாகத் துடைப்பது எல்லோரும் செய்வது. அதுதான் மிகக் கெடுதல். வட்டமாக விழும் கீறல் தடத்தோடு கூடவே ஓடி, அடுத்தடுத்த தகவலை வரிசையாக அழிக்கும். முன்பு சொன்ன பிழைதிருத்தம் அங்கே கைவிட்டுவிடும். நடுத் துளையிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தால், கீறல் விழுந்தாலும் அது ஒவ்வொரு சுற்றையும் ஒரே இடத்தில்தான் குறுக்கே வெட்டும். திருத்தம் அதைச் சமாளித்துக்கொள்ளும். எண்ணெய்க் கறை, பூசணம் இருந்தால் சுத்தமான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு மெல்லக் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி உலர்த்தலாம். பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி ஆகியவை பாலிகார்பனேட்டையே மங்கடித்துவிடும். பற்பசை தேய்த்தால் கீறல் போகும் என்ற வைத்தியமும் வேண்டாம். அது நுண்ணிய கீறல்களை வாரி வழங்கும். சிடி, விசிடி மேல் ஒட்டிய கல்யாண ஸ்டிக்கர் உரிந்து வந்தாலும் அதைப் பிய்க்கவே கூடாது. பசையோடு உலோகப் படலமும் வந்துவிடும். பிய்த்த தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டை ஓட்டையாகத் தெரியும், அந்த ஓட்டைகள் எல்லாம் இழந்த படங்கள். பால்பாயின்ட் பேனாவால் மேற்பக்கத்தில் அழுத்தி எழுதுவதும் அதே கெடுதல்தான். எழுத வேண்டுமானால் தண்ணீர் மை மார்க்கரால் நடுத் துளையைச் சுற்றிய ஒளிபுகும் வளையத்தில் எழுதலாம். மெல்லிய பிளாஸ்டிக் உறைகளில் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வெக்கையில் உறை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். கெட்டிப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, இறுக மூடும் டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, அடுப்புச் சுவரிலிருந்தும் ஜன்னல் வெயிலிலிருந்தும் தள்ளி வைத்தால் பாலக்காட்டுக்கும் பொருந்தும், பைசன்வாலிக்கும் பொருந்தும்.

இத்தனையும் செய்தாலும் தட்டைப் படிக்கக் கருவி வேண்டும். 1924 பெருவெள்ளத்தில் மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் பாதை அழிந்தது. அந்த ரயிலின் புகைப்படங்களை நூறாண்டு கழித்தும் வெறுங்கண்ணால் பார்க்க முடிகிறது. இருபது ஆண்டுக்கு முந்தைய கல்யாணத்தைப் பார்க்க ஒரு லேசரும் ஒரு மோட்டாரும் தேவைப்படுகின்றன. அவற்றைச் செய்பவர்கள் ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருக்கிறார்கள். மோசர் பேயர் 2018இல் கலைப்புக்குப் போனது. சிடியை உலகுக்குத் தந்த சோனியே 2025 பிப்ரவரியோடு எழுதக்கூடிய புளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது. புதிய மடிக்கணினிகளில் தட்டு போடும் இடமே இல்லை. ஆகவே வீட்டில் பழைய டிவிடி பிளேயர் இருந்தால் அதைக் காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருப்பது நல்லது. ஒரு தட்டு ஓடவில்லை என்றதும் தட்டையே குறை சொல்லக் கூடாது. கடையில் வாங்கிய சினிமாத் தட்டு ஓடி, எழுதிய தட்டு மட்டும் ஓட மறுத்தால், பிளேயரின் லென்ஸ் மங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. எழுதிய தட்டு, குறிப்பாக அழித்தெழுதும் வகை, குறைவான ஒளியையே திருப்பி அனுப்பும். பலவீனமான லேசர் முதலில் அதில்தான் தடுமாறும். லென்ஸில் படியும் தூசியைக் காற்றூதும் ரப்பர்க் குமிழால் ஊதலாம், வாயால் ஊதினால் எச்சில் படும். போகாத கறைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் அழுத்தாமல் ஒரு தொடுகை போதும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும், லேசர் கண்ணுக்கு ஆகாது. தட்டு வைக்கும் இழுவை வெளியே வர மறுத்தால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிறு ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், மாற்றினால் ஓடும். மலைக்காலைக் குளிரில் கிடந்த பிளேயரைச் சூடான அறைக்குக் கொண்டுவந்ததும் ஓட்டினால் லென்ஸில் பனித்துளி கோத்திருக்கும், ஒரு மணி நேரம் காயவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். கருவியை மாதம் ஒருமுறையாவது ஓட்டி எடுத்தால் அது உயிரோடு இருக்கும்.

இனி மற்ற மறுப்புகள். எல்லாம்தான் யூடியூபில் இருக்கிறதே என்பார்கள். சினிமா இருக்கிறது, உண்மை. அதற்காக யாரும் தட்டைக் காப்பாற்ற வேண்டாம். சித்தூர் வட்டத்து ஊரொன்றில் நடந்த பொங்கல் விழாவும், மறையூர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஆடிய ஆட்டமும், யாரோ ஒருவர் ஏற்றாத வரை, எந்தத் தளத்திலும் இருக்காது. பென் டிரைவில் போட்டால் அதுவும் ஒருநாள் போகும்தானே என்பது இன்னும் வலுவான மறுப்பு. போகும். மேகக்கணினிக் கணக்கும் கடவுச்சொல் மறந்தால் போகும். அழியாத ஊடகம் ஒன்றும் கிடையாது என்று ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். அழியாமல் காப்பது ஊடகத்தின் உறுதி என்ற எண்ணத்திலிருந்து படிகளின் எண்ணிக்கைக்கு நாம் நகர வேண்டும்: ஒரு வன்தட்டில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று மூன்று இருந்து, ஆண்டுக்கொருமுறை யாராவது திறந்து பார்த்தால், மூன்றும் ஒரே நாளில் போவது அரிது. எல்லைப் பகுதிக் குடும்பங்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. மூணாறுக்கு உடுமலையிலும், குமுளிக்குக் கம்பத்திலும், கொழிஞ்சாம்பாறைக்குப் பொள்ளாச்சியிலும் பெண் கொடுத்து எடுத்த உறவுகள் இருக்கின்றன. இரண்டு மாவட்டம், இரண்டு தட்பவெப்பம், இரண்டு வீடு. ஸ்டுடியோக்காரருக்குத்தானே உரிமை, நாம் படியெடுக்கலாமா என்று தயங்குபவர்களுக்கு 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பதில் சொல்கிறது: பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, சொன்னவர்தான் முதல் உரிமையாளர். உங்கள் கல்யாணம் உங்களுடையதுதான்.

படியெடுப்பதில் நடக்கும் தவறுகளால் மட்டும் எத்தனையோ நல்ல தட்டுகள் வீணாகின்றன. டிவியில் ஓடவிட்டுக் கைப்பேசியில் பிடிப்பது மிகவும் பரவலான வழி. ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் தட்டில் இருப்பதில் பாதிகூட அதில் வராது. கணினியில் இணைக்கும் டிவிடி டிரைவ் தனியாக வாங்கலாம், விலை சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாது. அதில் தட்டைத் திறந்து, டிவிடியானால் 'வீடியோ டிஎஸ்' என்ற முழுக் கோப்புறையையும், விசிடியானால் அதிலுள்ள 'டேட்' கோப்பையும் அப்படியே படியெடுக்க வேண்டும். பாட்டு சிடியில் ஏமாற்றம் காத்திருக்கிறது: விண்டோஸில் திறந்தால் ஒவ்வொரு பாட்டுக்கும் 'சிடிஏ' என்ற ஒரு கோப்பு தெரியும், அதை இழுத்துப் பென் டிரைவில் போட்டவர் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருப்பார். அதன் அளவு 1 கிலோபைட்கூட இராது. அது பாட்டின் முகவரி மட்டுமே, பாட்டு தட்டிலேயே இருக்கிறது. ஒலியைக் கோப்பாக மாற்றித் தரும் மென்பொருளால்தான் அதை எடுக்க வேண்டும். சிக்கும் தட்டை ஒரே டிரைவில் திரும்பத் திரும்பப் போட்டு வதைக்காமல் வேறு டிரைவில் போட்டுப் பார்ப்பது பலன் தரும். ஒன்று கைவிட்டதை இன்னொன்று படிப்பது வழக்கமான நிகழ்ச்சி. படிக்க முடிந்ததை முதலில் எடுத்துக்கொண்டு கெட்ட இடங்களை மட்டும் பிறகு மீண்டும் முயலும் 'டிடி-ரெஸ்க்யூ' போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இவை எதுவும் பொறியாளர் படிப்பு கேட்கும் வேலை அல்ல. பிளஸ் டூ மாணவர் ஒருவர் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்வார்.

ஆனால் ஒவ்வொரு வீடும் ஒரு டிரைவ் வாங்கி, மென்பொருள் கற்றுக்கொண்டு, இதைச் செய்யும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. கொளுந்து பறித்து மாலையில் வீடு திரும்பும் பெண்ணிடம் அதைக் கேட்பது நியாயமும் இல்லை. இங்கேதான் கேரளத்துக்கு மற்ற மாநிலங்களைவிட வசதி அதிகம். 1945இல் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கம் ஊருக்கு ஊர் கிராம நூலகத்தைத் தந்திருக்கிறது. 2002இல் மலப்புறத்தில் தொடங்கிய அக்ஷயா மையங்கள் கணினியும் அச்சுப்பொறியும் ஆளும் கொண்டு இன்று மாநிலம் முழுவதும் இயங்குகின்றன. தேவிகுளத்தில் அகில இந்திய வானொலி நிலையம் இருக்கிறது. எல்லைப் பஞ்சாயத்துகளில் ஒவ்வொரு நூலகத்துக்கும் இரண்டு டிரைவும் ஒரு வன்தட்டும் வாங்கிக் கொடுத்து, வாரத்தில் ஒரு நாளைப் படியெடுக்கும் நாளாக வைத்தால் இந்த வேலை இரண்டு மூன்று ஆண்டில் முடிந்துவிடும். குடும்பச் சங்கதி பொது இடத்துக்குப் போகலாமா என்ற கவலை நியாயமானது. அதற்கு விதி எளிது: படியெடுத்துக் கொடுத்ததும் மையத்தின் கணினியிலிருந்து அழித்துவிட வேண்டும், பொதுச் சேகரத்துக்கு வைக்க வேண்டுமானால் குடும்பம் எழுத்தில் இசைவு தர வேண்டும்.

அப்படி இசைவோடு பொதுவில் சேர வேண்டியவையும் ஏராளம். பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் கம்பராமாயணப் பாடல்களோடு இரவு முழுக்க நடக்கும் தோல்பாவைக்கூத்து, கோவலன் கண்ணகி கதையை ஆடும் இடுக்கி மன்னான் மக்களின் கூத்து, அட்டப்பாடி இருளரின் பாட்டுகள் ஆகியவற்றை 2000களில் யாரெல்லாமோ காமிராவில் பிடித்துத் தட்டில் போட்டு வைத்திருப்பார்கள். அட்டப்பாடியின் நஞ்சியம்மா 'அய்யப்பனும் கோஷியும்' படத்துக்காக இருளர் மொழியில் பாடிய பாட்டு 2022இல் தேசிய விருது பெற்ற பிறகுதான் நாடு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்த மலையில் அதற்கு முன்பே பாடி மறைந்தவர்களின் குரல் ஏதாவது ஒரு பச்சைத் தட்டில் கிடக்கக்கூடும். கோழிக்கோட்டிலுள்ள பழங்குடி ஆய்வு நிறுவனமான கிர்டாட்ஸும் கேரள நாட்டுப்புறக் கலை அகாதமியும் இதைத் தேடிப் போக வேண்டும். அரசு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மறக்காத ஈழத் தமிழர்கள் 2005இல் தன்னார்வலர்களாகவே 'நூலகம்' என்ற இணைய ஆவணகத்தைத் தொடங்கி, நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக்கணக்கில் இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். உலகமெங்கும் சிதறியிருக்கும் அவர்களால் முடிந்தது, இரண்டு மாவட்டங்களுக்குள் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நமக்கு முடியாததல்ல.

எல்லைப் பஞ்சாயத்துகளின் உறுப்பினர்களும் நூலகச் செயலாளர்களும் இதை அடுத்த கூட்டத்தின் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும். வாசகர்கள் அதற்கும் காத்திருக்க வேண்டாம். ஜூன் மழை இறங்குவதற்குள் வீட்டிலிருக்கும் தட்டுகளை எடுத்து, அடிப்பக்கம் பச்சையும் நீலமும் கத்தரிப்பூ நிறமுமாக இருப்பவற்றைத் தனியே பிரித்து, முதலில் அவற்றைப் படியெடுங்கள். படியெடுத்ததை வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒருமுறை பார்த்து, இன்ன ஊர், இன்ன ஆண்டு, யார் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது இருக்கிறார்கள்.